சிராகூசாவில் மூன்று இரவுகள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். மே மாதக் கடைசியில் ஜெர்மனியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். எங்களுக்குக் கல்யாணமாகி 30 வருடம் ஆகிறது என்று அவன் இத்தாலியின் சிசிலித் தீவுக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறான். மூன்று இரவு, நானும் மனைவியும் மட்டும். கத்தானியாவில் இறங்குகிறோம். நண்பர் ஒருவர் எட்னா எரிமலை, தாவோர்மினா, நோட்டோ, சிராகூசா, அக்ரிஜெந்தோ என்று ஐந்து இடம் எழுதிக் கொடுத்து, கார் எடுத்தால் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்கிறார். நீங்கள் சிராகூசாவுக்குப் போய்வந்ததாக ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். எனக்கு வரலாறு என்றால் பைத்தியம். அவளுக்குக் கல்லும் தூணும் என்றாலே கொட்டாவி வந்துவிடும், முழங்கால் வலி வேறு. என்ன செய்யலாம்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நண்பர் கொடுத்த சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது பத்து நாள் கிடைத்தால் உதவும். மூன்று இரவு என்றால் உங்கள் கையில் இருப்பது இரண்டு முழுப் பகல்தான். அதில் ஐந்து இடம் என்றால் சிசிலியின் நெடுஞ்சாலைகளை நன்றாகப் பார்த்துவிட்டு வரலாம். பேசாமல் சிராகூசாவிலேயே தங்கிவிடுங்கள். அதிலும் பழைய நகரமான ஒர்த்தீஜாவில் அறை எடுங்கள். பாலத்தால் கரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தீவு அது. நீளவாக்கில் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் இருக்கும். எங்கே நின்றாலும் இரண்டு மூன்று தெரு தள்ளிக் கடல். கால் வலித்தால் அறைக்குத் திரும்புவது பெரிய பயணமாக இருக்காது.

கார் வேண்டவே வேண்டாம். இது பட்டுச் சொல்வது. ஒர்த்தீஜாவுக்குள் வெளியார் வண்டி நுழைய நேரக் கட்டுப்பாடு உண்டு. தடுக்க யாரும் நிற்கமாட்டார்கள், கேமரா மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். நான் ஜம்பமாக உள்ளே ஓட்டிப் போனேன். ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராத ஓலை வந்தது. அதற்கு முன்பே, காரை வாடகைக்கு விட்டவர்கள் என் முகவரியைப் போலீஸுக்குக் கொடுத்த சேவைக்காகத் தனியாக ஒரு தொகையைப் பிடித்துவிட்டார்கள். என் மனைவி இன்றைக்கும் அதைச் 'சிசிலி மொய்' என்றுதான் சொல்வாள். கத்தானியா விமான நிலையத்திலிருந்து நேரே பேருந்து இருக்கிறது, ஒன்றேகால் மணி நேரம்.

இனி கல்லும் தூணும். ஊரின் பேராலயத்துக்குப் போகும்போது முன்வாசல் வழியாக நுழைந்துவிடாதீர்கள். முதலில் இடப்பக்கம் போகும் வியா மினெர்வா என்ற தெருவில் திரும்புங்கள். தேவாலயத்தின் வெளிச்சுவரில் டோரிய பாணி என்று சொல்லும் பருத்த பழைய கிரேக்கத் தூண்கள் பாதி உடம்பு வெளியே தெரிய வரிசையாக நிற்கும். கி.மு. 480இல் ஹிமேரா என்ற ஊரில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் படையைத் தோற்கடித்த சிராகூசா ஆட்சியாளன் கெலோன், அந்த வெற்றிக்குப் பிறகு கிரேக்கத் தெய்வம் ஏதீனாவுக்கு எடுத்த கோயில் அது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் அதைத் தேவாலயமாக்கியவர்கள் இடிக்கவில்லை. வெளித் தூண்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியைச் சுவர் வைத்து அடைத்தார்கள். உள்ளே கருவறைச் சுவர்களைக் குடைந்து வளைவுகளாக்கி வழி விட்டார்கள். திறந்து கிடந்ததை மூடி, மூடிக் கிடந்ததைத் திறந்தார்கள், வேலை முடிந்தது. 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு முகப்பைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. இப்போது எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் பரோக் முகப்பு 18ஆம் நூற்றாண்டுச் சரக்கு. தூண்கள் மட்டும் நின்ற இடத்தில் நிற்கின்றன.

இதையெல்லாம் நான் என் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அப்புறம் வேறொன்று சொன்னேன். இந்தக் கோயிலின் உச்சியில் ஏதீனாவின் கேடயம் இருந்ததாம், கடலில் வெகுதூரம் வரை தெரியுமாம். துறைமுகத்திலிருந்து கிளம்புகிறவர்கள் ஒரு மண்கிண்ணத்தில் பூ, தேனடை, சாம்பிராணி எல்லாம் எடுத்துப்போய், கேடயம் கண்ணுக்கு மறைகிற இடத்தில் கடலில் விடுவார்கள் என்று பழைய கிரேக்கக் குறிப்பு சொல்கிறது. அவள் நிமிர்ந்து, "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். ஆகவே, கி.மு., கி.பி. கணக்குகளை நீங்களே வைத்துக்கொண்டு, உங்கள் மனைவியிடம் கிண்ணத்தை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாம் நாள் காலையிலேயே டாக்சி வைத்துக்கொண்டு நியாபோலிஸ் தொல்லியல் பூங்காவுக்குப் போங்கள். கிரேக்க அரங்கமும் பழைய கல்குவாரியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கி.மு. 413இல் இந்த ஊரைப் பிடிக்க வந்த ஏதென்ஸ் படை அடியோடு அழிந்தது. பிடிபட்டவர்கள் ஏழாயிரம் பேருக்குக் குறையாது என்கிறார் அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். அவர்களைச் சிராகூசாவின் குவாரிகளில் அடைத்தார்கள். வெயில், பிணநாற்றம், நாளைக்கு அரைப்படிக்கும் குறைவான தானியம், ஒரு தம்ளர் தண்ணீர். அதில் சிலர் தப்பித்தது ஏதென்ஸ் நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் வரிகளை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்ததால் என்று பிற்காலத்து கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் எழுதுகிறார். சிராகூசாக்காரர்களுக்கு அந்த வரிகள்மேல் அவ்வளவு மோகம். சொல்லிக்கொடுத்தவர்களை விடுதலை செய்தார்களாம். ஊர் திரும்பியவர்கள் யூரிப்பிடீஸைப் பார்த்து நன்றி சொன்னார்களாம். நடந்து ஐந்நூறு ஆண்டு கழித்து எழுதியது, அதுவும் எழுதுகிற ஆள் எழுதியது. கொஞ்சம் சந்தேகப்படலாம்தான். நான் படவில்லை.

இன்று அந்தக் குவாரியில் எலுமிச்சையும் ஆரஞ்சும் காய்த்துக் கிடக்கின்றன. பக்கத்து அரங்கத்தில் 1914இலிருந்து பழைய கிரேக்க நாடகங்களைப் போடுகிறார்கள். மே, ஜூன்தான் அதற்குப் பருவம். இத்தாலிய மொழியில் நடக்கும். புரியாவிட்டால் என்ன, மாலை வெயில் இறங்க இறங்க அந்தக் கல்வட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். டிக்கெட் எடுக்கும்போது படி ஏற வேண்டாத இடமாகக் கேளுங்கள்.

ஆர்க்கிமிடீஸ் கல்லறை என்று ஒன்றைக் காட்டுவார்கள், நம்பாதீர்கள். அது ரோமானியர் காலத்துக் கல்லறை. அசலை ரோமானியப் பேச்சாளர் சிசரோ கி.மு. 75இல் முட்புதருக்குள் தேடி, கோளமும் உருளையும் செதுக்கிய சிறு தூணை வைத்துக் கண்டுபிடித்தார். பிறகு அது மறுபடியும் தொலைந்துவிட்டது. இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜியோ மால்டா சிறையிலிருந்து தப்பிவந்து 1608இல் இங்கே வரைந்த 'புனித லூசியாவின் நல்லடக்கம்' ஓவியத்தைப் பாருங்கள். படத்தின் மேல்பாதி முழுக்க வெறும் சுவர். அது இரண்டு தேவாலயங்களுக்கு நடுவே இடம் மாறிக்கொண்டிருக்கிறது, விசாரித்துவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டுக்குச் சைவமானாலும் கவலையில்லை, கத்தரிக்காய் போட்ட பாஸ்தா 'அல்லா நோர்மா' எங்கும் கிடைக்கும். காலையில் பாதாம் கிரானிதா என்ற ஐஸ் பதார்த்தத்தைப் பன்னோடு தொட்டுச் சாப்பிடுவதுதான் அந்த ஊர்ப் பலகாரம். மதியம் ஒரு மணிக்குக் கடைகளை மூடினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் நீங்களும் தூங்கிவிடுங்கள். மகன் மே மாதமாகப் பார்த்துப் போட்டது நல்ல காரியம். பக்கத்து ஃப்ளோரிதியாவில் 2021 ஆகஸ்டில் 48.8 டிகிரி பதிவாகியிருக்கிறது, ஐரோப்பாவிலேயே அதிகம்.

உங்களுக்குக் குவாரியை இன்னொரு முறை பார்க்கத் தோன்றும். தோன்றினால் தனியாகப் போங்கள், மனைவியை இழுக்காதீர்கள். ஒர்த்தீஜாவில் கடலை ஒட்டி ஆரத்தூசா ஊற்று இருக்கிறது. நடுவில் பாப்பிரஸ் என்ற கோரைப் புதர், சுற்றி வாத்துகள். கிரீஸில் ஒரு நதி துரத்த, கடலுக்கு அடியில் ஓடிவந்து இங்கே ஊற்றாய் எழுந்த பெண் என்பது கதை. சுற்றுச்சுவரில் சாய்ந்துகொண்டு பார்க்கலாம், நேர் எதிரே சூரியன் இறங்கும். என் மனைவி இரண்டு மாலையும் அங்கேதான் இருந்தாள். நான் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பிவந்தபோது வாத்துகளைக் காட்டி, இதில் எது யாருக்குப் பெண்டாட்டி என்று வரிசையாகச் சொன்னாள்.

அன்புடன்.