அண்மையில் நீங்கள் வாங்கியதில் உண்மையிலேயே பயன்பட்ட பொருட்கள் எவை?

கேள்வியைப் படித்ததும் எழுந்து போய் அலமாரியைத் திறந்து பார்த்தேன். இந்த ஆறேழு மாதத்தில் நான் வாங்கியது பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, என்னைவிட வயதில் மூத்த விளக்குகள். இன்னொன்று, வெளியே கூடாரம் போட்டுத் தங்கப் போகும்போது முதுகில் சுமந்து போகிற சாமான்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி தெரியும், ஆனால் வாங்கும்போது நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இது கெட்டுப்போனால் நானே கழற்றிப் பார்த்துச் சரி செய்ய முடியுமா?

முதலில் கோல்மன் 200ஏ, பம்ப் அடித்து எரியவிடுகிற விளக்கு. சிவப்பு டேங்க், ஒற்றை மேண்டில் (சுடர் பட்டு ஒளிரும் வலை), தலையில் பச்சைத் தொப்பி. அமெரிக்காவில் 1951-லிருந்து முப்பது வருடத்துக்கும் மேலாகச் செய்த மாடல் இது, அதனால் இன்றைக்கும் உதிரி பாகம் கிடைக்கிறது. விளக்கைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் இரண்டு எண்கள் குத்தியிருக்கும், இடது பக்கம் மாதம், வலது பக்கம் ஆண்டு. என்னுடையதில் 9, 64 என்று இருக்கிறது. 1964 செப்டம்பரில் செய்தது.

"நன்றாக எரிகிறது" என்று சொல்லித்தான் விற்றார்கள். வந்ததும் பம்ப் அடித்தேன், கைக்கு எந்த எதிர்ப்பும் தெரியவில்லை, காற்றைக் காற்றிலேயே அடிக்கிற மாதிரி இருந்தது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, ஏனென்றால் பற்ற வைத்துப் பார்த்த யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. சரி, திருப்பி அனுப்புவதற்கு முன் ஒரு முறை திறந்து பார்ப்போம் என்று பம்பின் மூடியைத் திருகிக் கம்பியை உருவினேன். அதன் நுனியில் சின்னத் தோல் கிண்ணம் ஒன்று இருக்கும், அதுதான் வாசர். அது காய்ந்து, விளிம்பு உள்ளே சுருண்டு, நகத்தால் தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வருகிற அளவுக்குக் கெட்டியாகியிருந்தது. எண்ணெயில் ஒரு ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் எடுத்தபோது கறுத்து, மெத்தென்று ஆகியிருந்தது. விரலால் விளிம்பைச் சுற்றிலும் மெல்ல விரித்துவிட்டு மறுபடி உள்ளே செருகினேன். இந்த பம்பில் கைப்பிடியின் நடுவில் ஒரு துளை இருக்கும், முதலில் பிடியை இடதுபக்கம் ஒரு சுற்று தளர்த்திவிட்டு, கட்டைவிரலால் துளையை மூடி அழுத்த வேண்டும், இழுக்கும்போது விரலை எடுத்துவிட வேண்டும். இரண்டாவது அழுத்தத்திலேயே காற்று பிடித்துக்கொண்டது கைக்குத் தெரிந்தது. முப்பது தடவை அடித்ததும் பிடி கல் மாதிரி நின்றது. அறுபது வருடத் தோல், ஒரு ராத்திரி எண்ணெய், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் உடனே பற்ற வைத்துவிடக் கூடாது. சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு மூடி, வால்வு, திருகு இருக்கிற இடமெல்லாம் பூசிப் பார்க்க வேண்டும், குமிழி வந்தால் கசிகிறது என்று அர்த்தம். என்னுடையதில் எரிபொருள் மூடியில் வந்தது, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை மாற்றினேன். ஜெனரேட்டர் என்று சொல்கிற பித்தளைக் குழாயையும் கழற்றிப் பார்த்தேன். எரிபொருள் சூடாகி ஆவியாக மாறுவது அதற்குள்தான், அதனால் கரி அங்கேதான் படியும். அதன் நுனித் துளை அடைத்துக்கொள்ளாமல் இருக்க உள்ளே மயிரிழை போல ஓர் ஊசி ஓடும், அது வளைந்துவிட்டால் வேலை முடிந்தது, மிகவும் ஜாக்கிரதையாக எடுக்க வேண்டும்.

மேண்டிலைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885-ல் காப்புரிமை வாங்கிய சங்கதி இது. துணி வலையை உலோக உப்புக் கரைசலில் நனைத்து எரித்தால் துணி போய்விடும், ஆக்சைடு மட்டும் அதே வலை வடிவத்தில் நிற்கும், சுடர் பட்டதும் வெள்ளையாக ஒளிரும். பிறகு அவரே 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம் என்ற கலவைக்கு வந்து சேர்ந்தார். தோரியம் கதிரியக்கம் உள்ளது. பழைய விளக்கோடு பழைய மேண்டில் பாக்கெட்டும் வந்தால் அதன் சாம்பலை ஊதாதீர்கள், மூச்சில் போக விடாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். இப்போது விற்பவற்றில் பெரும்பாலும் இட்ரியம்தான். புது மேண்டிலைக் கட்டியதும் எரிபொருளைத் திறக்காமல் அடியிலிருந்து தீக்குச்சியால் சுற்றிலும் கொளுத்தி, முழுவதும் வெள்ளைச் சாம்பலாகிச் சுருங்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு விரல் பட்டால் உதிர்ந்துவிடும்.

முதல் முறை எரியவிட்டபோது மஞ்சளாக ஒரு வீச்சு வீசிவிட்டு அடங்கி, பிறகு உஸ்ஸென்ற சத்தத்தோடு வெளிச்சம் வெள்ளையாகி நின்றது. அந்தச் சத்தம் எனக்கு வெளிச்சத்தைவிடப் பிடிக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடவே கூடாது. இந்த 200ஏ ஓடுவது பெட்ரோல் போல எளிதில் ஆவியாகிற நாஃப்தா வகை எரிபொருளில், மண்ணெண்ணெய் ஊற்றினால் சரியாக ஆவியாகாது, புகைந்து அடைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் விளக்கில் பெட்ரோல் ஊற்றுவது அதைவிட மோசம், தீ விபத்தில் முடியும். நாம் பம்ப் அடிக்கிற விளக்கையெல்லாம் பெட்ரோமாக்ஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம் (பெட்ரோலியம் என்ற சொல்லோடு மாக்ஸ் கிரெட்ஸ் என்ற ஜெர்மானியரின் பெயர் சேர்ந்து வந்த பிராண்ட் பெயர் அது), ஆனால் எது எந்த எண்ணெய்க்கானது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது, ஃபாயர்ஹாண்ட் 276. இது சாதாரண அரிக்கேன் லாந்தர், பம்ப் கிடையாது, திரிதான். மேற்கு ஜெர்மனியில் செய்தது என்று தகட்டில் அச்சு இருக்கிறது, அதனால் குறைந்தது 1990-க்கு முந்தையது என்று தெரிகிறது. கண்ணாடியில் ஜெனா (சூடு தாங்கும் ஜெர்மன் கண்ணாடி) என்ற பெயர் மங்கலாக இன்னும் இருக்கிறது, அது உடையாமல் வந்ததில்தான் எனக்குப் பெரிய சந்தோஷம். இரண்டு பக்கமும் வளைந்து இறங்குகிற குழாய்களை வெறும் கைப்பிடி என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். அவை காற்றுக் குழாய்கள். மேலேயிருந்து புதுக் காற்றைக் கீழே திரியடிக்குக் கொண்டு வருகின்றன, 1870-களில் ஜான் இர்வின் காப்புரிமை பெற்ற முறை. காற்று எவ்வளவு வீசினாலும் சுடர் அணையாமல் நிற்பது அதனால்தான். இதில் நான் செய்த வேலை மிகக் குறைவு: புதுத் திரி போட்டு, அதன் மேல் விளிம்பின் இரண்டு மூலைகளையும் கத்தரியால் லேசாகச் சாய்த்து வெட்டினேன். அப்படி வெட்டாவிட்டால் சுடர் இரண்டு கொம்பாக எழும்பிக் கண்ணாடியைக் கரியாக்கும்.

பழைய விளக்கு வாங்கப் போகிறவர்கள் டேங்கின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி இல்லையா, கைப்பிடி வளைந்திருக்கிறதா, பெயின்ட் உரிந்திருக்கிறதா, எதுவும் பரவாயில்லை. பம்ப் விளக்கின் டேங்க் உள்ளே துரு அரித்திருந்தால் மட்டும் வேண்டாம், அதில் அழுத்தம் ஏற்றப் போகிறோம்.

இனி வெளியே எடுத்துப் போகிற சாமான்கள். இந்த விளக்குகளைக் கூடாரத்துக்குள் ஏற்றவே மாட்டேன். தீ பயம் ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம், அதற்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதனால் உள்ளே வெளிச்சத்துக்குத் தலையில் மாட்டுகிற டார்ச் வாங்கினேன். பெட்டியில் போட்டிருக்கும் லூமன் (வெளிச்சத்தின் அளவு) எண்ணை நம்பி வாங்கிவிடாதீர்கள். எஃப்எல்1 என்கிற தரமுறைப்படி வெளிச்சத்தை அளப்பது சுவிட்ச் போட்ட 30 விநாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள், எத்தனை மணி நேரம் எரியும் என்று கணக்கிடுவதோ வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிற வரை. ஆக 400 லூமன், 40 மணி நேரம் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தால் 40 மணி நேரமும் 400 கிடைக்கும் என்று அர்த்தமில்லை. நான் பார்த்தது வேறு இரண்டு: பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும், சிவப்பு வெளிச்சம் இருக்க வேண்டும். பேட்டரியை உள்ளேயே ஒட்டி மூடியதாக இருந்தால் அது சாகும்போது டார்ச்சும் சாகும். சிவப்பு வெளிச்சம் எதற்கென்றால், இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், வெள்ளை வெளிச்சம் ஒரு முறை பட்டால் அது மொத்தமும் போய்விடும்.

அப்புறம் படுக்கிற பாய். இதற்கு முன் காற்றடைக்கிற பாய் வைத்திருந்தேன். ஒரு நடுராத்திரி ஏதோ முள் குத்தி, இடுப்பு தரையில் பட்டபோதுதான் விழித்தேன். விடியும் வரை குளிரில் உட்கார்ந்தே இருந்தேன். குளிர் மேலேயிருந்து வருவதைவிடத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சுவதுதான் அதிகம், படுத்திருக்கும்போது போர்வையின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால் அது கீழே காப்பாற்றாது. இப்போது மடக்கி வைக்கிற ஃபோம் பாய் வாங்கியிருக்கிறேன், பருமனாக முதுகுப்பைக்கு வெளியே தொங்கும், ஆனால் குத்தினாலும் கிழிந்தாலும் அது பாயாகவே இருக்கும். பாய்களுக்கு ஆர் மதிப்பு என்று ஓர் எண் உண்டு, குளிரை எவ்வளவு தடுக்கும் என்று சொல்வது. ஒன்றின் மேல் ஒன்று போட்டால் இரண்டின் எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். ஒட்டுப் போட்ட பழைய காற்றுப் பாயைத் தூக்கிப் போடாமல் ஃபோமின் மேல் விரிக்கிறேன்.

கடைசியாக வாங்கியது 3 மீட்டருக்கு 3 மீட்டர் மழைவிரிப்பு. நைலானா பாலியெஸ்டரா என்று யோசித்துப் பாலியெஸ்டர் எடுத்தேன், நைலான் ஈரம் பட்டால் நீண்டு தொய்ந்துவிடும், ராத்திரியில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். போன வாரம் சாயங்காலம் முழுக்க மழை. விரிப்பின் விளிம்புக்கு வெளியே ஒரு கொம்பில் அந்த ஃபாயர்ஹாண்டை மாட்டி வைத்தேன், மழை சாய்ந்து அடித்தும் சுடர் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நின்றதே தவிர அணையவில்லை.

கோல்மனை இன்னும் வெளியே எடுத்துப் போகவில்லை. குலுங்கினால் மேண்டில் உதிரும், கண்ணாடி போனால் இதே அளவில் தேட வேண்டும். கண்ணாடிக்கு ஃபெல்ட் துணி வைத்து ஒரு பெட்டி செய்துகொண்டிருக்கிறேன், மூடியின் உட்பக்கத்தில் இரண்டு மேண்டில், ஒரு ஜெனரேட்டர், எண்ணெயில் ஊறிய தோல் வாசர் ஒன்று, மூன்றுக்கும் இடம் விட்டிருக்கிறேன்.