பானெட்டைத் திறங்க சார்!

சொகுசு எஸ்யூவி வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்களின் கேள்விகளுக்கு ஒரு பழைய மெக்கானிக்கின் பதில்கள்

கேள்வி: என்னிடம் பிஎஸ்6 டீசல் சொகுசு எஸ்யூவி இருக்கிறது. வீட்டிலிருந்து கம்பெனி நாலு கிலோமீட்டர்தான். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. சர்வீஸில் கம்ப்யூட்டரை மாட்டி அணைத்துத் தருகிறார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் எரிகிறது. போன தடவை "ஆயில் அளவு கூடியிருக்கிறது" என்றார்கள். ஆயில் குறையும், கூடுமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: கூடும் சார். ஆனால் கூடியது ஆயில் இல்லை, டீசல்.

டிபிஎஃப் என்பது புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி. கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே அதை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வடிகட்டிக்குள் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காக எஞ்சின் வழக்கமான டீசலுக்கு மேல் இன்னும் கொஞ்சத்தைத் தாமதமாகப் பீய்ச்சும். அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துவிடும். நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிக்கு இது ஒரு விஷயமே இல்லை. உங்கள் நாலு கிலோமீட்டரில் எரிப்பு தொடங்கும், முடியாது. கம்பெனி வாசலில் அணைத்துவிடுவீர்கள். சாயங்காலம் மறுபடி தொடங்கும், மறுபடி டீசல் இறங்கும். நீர்த்துப் போன அந்த ஆயிலில்தான் டர்போவும் டைமிங் செயினும் சுழல்கின்றன. விளக்கை விட்டுத்தள்ளுங்கள், எனக்குக் கவலை இதுதான்.

முதலில் ஆயிலை மாற்றுங்கள், இந்த வாரமே. சாம்பல் குறைவான ஆயில்தான் வேண்டும். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் தர எண் டப்பாவின் பின்பக்கம் அப்படியே இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். அப்புறம் வாரம் ஒரு தடவை பெருமாநல்லூர் போய் சேலம் - கோவை நெடுஞ்சாலையில் ஏறி, எண்பதில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். ஆர்பிஎம் 2,000-க்கு மேல் நிற்கட்டும். வீட்டு வாசலில் ஏசி போட்டு ஐடிலிங்கில் விட்டால் கரி இன்னும் சேரும்.

எரிப்பு நடக்கும்போது வண்டியே சொல்லும். ஐடிலிங் லேசாக ஏறும், சூடான தகர வாடை வரும், அணைத்த பிறகும் விசிறி ஓடும். அப்படி இருந்தால் உடனே அணைக்காமல் இன்னொரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள்.

"டிபிஎஃப்பைக் குடைந்து எடுத்து, சாஃப்ட்வேரை மாற்றித் தருகிறேன்" என்று யாராவது வருவார். சட்டப்படி குற்றம், வாரன்டியும் போச்சு. அடுத்த வண்டி பெட்ரோலாக வாங்குங்கள். நாலு கிலோமீட்டருக்கு டீசல் எதற்கு?

கேள்வி: பழைய மெர்சிடிஸ் எம்எல் 350 சிடிஐ ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. என்ன பார்த்து வாங்குவது?
- வாசகர், சேலம்

பதில்: அதில் இருப்பது ஓஎம்642 என்கிற வி6 டீசல், அதாவது ஆறு சிலிண்டர்கள் V வடிவில் இரண்டு வரிசையாக நிற்கும் எஞ்சின். நன்றாக உழைக்கும் எஞ்சின்தான். ஆனால் அதன் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. வயதானால் அதன் சீல்கள் இறுகிக் கசியும். கசிந்த ஆயில் பின்பக்கமாக ஓடி, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் சொட்டும். அதைப் பார்த்து, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கச் சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கியவர்கள் உண்டு. சீல் விலை அற்பம். அதைத் தொடுவதற்கு டர்போவையும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டையும் கழற்ற வேண்டும், கூலி அங்கேதான் ஏறும்.

இன்னொன்று: டர்போவின் காற்று வாயில் இருக்கும் சீல் கசிந்தால், கீழே இருக்கும் மேனிஃபோல்டு மோட்டார் மேல் ஆயில் சொட்டி அது செத்துவிடும். மேல் மூடியைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து, டர்போவுக்குக் கீழே ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியைப் பட்டறையின் சர்வீஸ் குழி மேல் நிறுத்தினால்தான் அடியில் நன்றாகத் தெரியும். விற்பவர் எஞ்சினைப் பளபளவென்று கழுவி வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

கேள்வி: என் பெட்ரோல் வி6 எஸ்யூவியில் மாதாமாதம் கூலன்ட் குறைகிறது. தரையில் சொட்டு இல்லை. டிரைவர் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கிறார்.
- டாக்டர், மதுரை

பதில்: தண்ணீர் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள் டாக்டரம்மா. இந்த மாதிரி எஞ்சின்களில் மேனிஃபோல்டுக்கு அடியில் போகும் கூலன்ட் குழாய்கள் பிளாஸ்டிக். சூட்டில் பொரிந்து மயிரிழை விரிசல் விடும். கசிவது சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகிவிடுவதால் தரை காய்ந்தே கிடக்கும். வெள்ளை உப்புக்கறை தேடச் சொல்லுங்கள், பிரஷர் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். வெப்பமுள் ஏறினால் ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்தால் செலவை உங்கள் டிரைவர் சமாளிக்க முடியாது.

கேள்வி: லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4, 3.0 டீசல் வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். கிராங்க் ஷாஃப்ட் ஒடியும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?
- வாசகர், திருச்சி

பதில்: பாதி உண்மை. எல்லா வண்டியிலும் ஒடிவதில்லை. ஆனால் உலகம் முழுக்க உரிமையாளர்கள் சொல்லும் புகார்தான். ஃபோர்டும், பியூஜோ, சிட்ரோயன் கார்களைத் தயாரித்த பிரான்ஸின் பிஎஸ்ஏவும் சேர்ந்து உருவாக்கிய வி6 எஞ்சின் குடும்பம் அது. இங்கிலாந்தின் டாகன்ஹாமில் தயாரானது. கிராங்கைத் தாங்கும் பேரிங் தன் இடத்தை விட்டுச் சுழன்றால் ஆயில் வரும் துளை அடைபடும். அப்புறம் கிராங்க் வறண்டு ஓடி ஒடியும். பல நேரம் முன்னறிவிப்பே இருக்காது. ஒடிந்தால் எஞ்சினையே மாற்ற வேண்டியதுதான். பெரிய வேலை என்றால் பாடியைச் சேஸிஸிலிருந்து மொத்தமாகத் தூக்குவார்கள். அது எல்லாப் பட்டறையிலும் நடக்காது.

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றிய பில்கள் இருக்கிறதா என்று கேளுங்கள். "எல்லாம் கரெக்டா பண்ணியிருக்கோம் சார்" என்பது பில் ஆகாது. அப்புறம் ஒரு வேலை: உங்கள் செலவில் ஆயில் மாற்றித் தருவதாகச் சொல்லி, பழைய ஃபில்டரை வாங்கிக்கொள்ளுங்கள். காகித மடிப்பைக் கத்தியால் வெட்டி, விரித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளியாகவோ செம்பாகவோ துகள் மின்னினால் அட்வான்ஸ் போனால் போகிறது, வண்டியை விட்டுவிடுங்கள்.