பாலைவன நகரத்தில் கழிவுநீர் மறுபயன்பாடு: பூங்காக்களுக்குத் தனிக் குழாய் போட்டால் போதாதா?

பாலைவனத்தில் வேகமாக வளரும் நகரத்துக்குக் கழிவுநீர் மறுபயன்பாட்டை எப்படித் திட்டமிடுவது, சுத்திகரித்த நீரைத் தனிக் குழாயில் பூங்காக்களுக்குக் கொண்டுபோனால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து லாஸ் வேகாஸ் பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன். அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

அம்மா ராமநாதபுரத்திலிருந்து வந்திருந்தபோது அரிசி களைந்த தண்ணீரைச் சிங்க்கில் விடவே மாட்டாள். வாளியில் சேர்த்து வைத்து, தொட்டியில் இருந்த கறிவேப்பிலைக்கு ஊற்றுவாள். குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவள், வேறெப்படி இருப்பாள்? ஆனால் இந்த ஊர்க் கணக்குப்படி அது நஷ்டம். சிங்க்கில் விட்டிருந்தால் அந்தத் தண்ணீர் திரும்பக் கிடைத்திருக்கும். சொல்லிப் பார்த்தேன். "செடி குடிச்சா உனக்கு என்ன?" என்றாள்.

விஷயம் இதுதான். கொலராடோ ஆற்றில் நெவாடாவின் பங்கு வருடத்துக்கு 3 லட்சம் ஏக்கர் அடி, அதாவது நம் கணக்கில் சுமார் 13 டிஎம்சி. கலிபோர்னியாவுக்கு 44 லட்சம் ஏக்கர் அடி! ஆனால் அந்த ஆற்றின் அணை நீர்த்தேக்கமான மீட் ஏரியிலிருந்து நெவாடா எடுத்ததில், திரும்ப விட்டதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு எழுதுவார்கள். குளியலறை, கழிப்பறை, சூதாட்ட விடுதிகளின் சமையலறை என்று சாக்கடைக்குள் போகும் தண்ணீர் அநேகமாக முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு, லாஸ் வேகாஸ் வாஷ் என்ற ஓடை வழியாக ஏரிக்கே போகிறது. ஒரு லிட்டர் விட்டால் இன்னொரு லிட்டர் எடுக்கலாம். அந்த ஓடையோரம் ஒரு நாள் காலையில் நடந்து பாருங்கள்: நாணலும் கொக்கும், லேசான சோப்பு வாசனையும். வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் மழை பெய்யும் ஊரில் வற்றாத ஓடை!

இப்போது உங்கள் தனிக் குழாய்க்கு வருவோம். சுத்திகரித்த நீரை கோல்ஃப் மைதானத்துக்குத் திருப்பினால் நல்ல தண்ணீர் மிச்சமாகும், சரி. ஆனால் ஏரிக்குத் திரும்புவது அதே அளவு குறையும். கூட்டிக் கழித்தால் கிடைப்பது பூஜ்யம். மேட்டுப் பகுதிகளுக்கு ஏரியிலிருந்து பம்ப் செய்யும் கரண்ட் மிச்சமாகும், அவ்வளவே.

அதனால் இங்கே கைவைத்தது வெயிலில் ஆவியாகும் தண்ணீரில். புல்தரையைப் பிடுங்கினால் காசு தருகிறார்கள். நானும் பிடுங்கினேன். அப்புறம் 2021இல் ஒரு சட்டம் வந்தது: சாலை நடுவிலும் அலுவலக வாசலிலும் அழகுக்கு மட்டும் வளர்க்கும் புல்லுக்கு 2027 முதல் ஆற்றுத் தண்ணீர் கிடையாது. புதிய வணிகக் கட்டடங்களில் தண்ணீரை ஆவியாக்கிக் குளிரூட்டும் கருவிகளுக்கும் 2023இல் தடை வந்துவிட்டது. செப்டிக் டேங்க் வீடுகளைச் சாக்கடை இணைப்புக்கு மாற்றப் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இதை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். பக்கத்து மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரத்துச் சாக்கடை நீரைச் சுத்திகரித்து, பாலோ வெர்டே அணுமின் நிலையத்தைக் குளிர்விக்கப் பயன்படுத்துகிறார்கள். அது முழுக்க ஆவியாகத்தான் போகிறது. ஆனால் பெரிய நீர்நிலை எதுவும் அருகில் இல்லாத அந்த நிலையத்துக்கு வேறு வழி கிடையாது.

குழாய்க்கு டெண்டர் விடுவதற்கு முன் உங்கள் ஊர்ச் சாக்கடை இன்று எங்கே போய் விழுகிறது, கீழே அதை நம்பி யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். கடலுக்குள் போகிறது என்றால், நான் மேலே சொன்ன கழித்தல் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, தாராளமாகக் குழாயைப் போடுங்கள்.