அக்காக்களின் கண், தங்கையின் தலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்குக் கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸின் கதையைப் படப்புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். அதில் ஒரே கண்ணை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் மூன்று கிழவிகள் வருகிறார்கள். ‘எதிர்காலம் அறிந்தவர்கள்’ என்று போட்டிருக்கிறது. விதியின் நூலை நூற்பதாகச் சொல்லப்படும் சகோதரிகள் இவர்கள்தானா? ரகசியம் தெரிந்த பெண்கள் என்றால் ஏன் அரக்கிகளாகவே வருகிறார்கள்? மகள் கேட்டது வேறு: “அவங்க கண்ணை அவன் திருப்பிக் கொடுத்தானா?” எனக்குப் பதில் தெரியவில்லை.

ச.

அன்புள்ள ச.,

முதலில் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விதியின் சகோதரிகள் வேறு. அவர்கள் மொய்ராய்: நூற்கும் க்ளோதோ, அளக்கும் லாக்கெஸிஸ், அறுக்கும் அட்ரோபோஸ். நீங்கள் படித்தவர்கள் கிரையாய். திரைப்படங்களும் சிறுவர் நூல்களும் இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக்கிவிட்டன. நான் கீழே சொல்லப்போகும் பழைய நூல்கள் எதிலும் கிரையாய் சகோதரிகள் எதிர்காலம் சொல்வதில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது ஒரு வழி, அவ்வளவுதான். ஆனால் அது எங்கே கொண்டுபோய் விடும் வழி என்று பாருங்கள்.

சுமார் கி.மு. 700இல் பாடிய கிரேக்கக் கவிஞர் ஹெஸியட், தெய்வங்களின் வம்சத்தைச் சொல்லும் தன் ‘தியோகனி’யில் இவர்களின் குடும்பத்தைச் சொல்கிறார். கடலின் கிழவர் ஃபோர்கிஸுக்கும் கெட்டோவுக்கும் பிறந்தவர்கள் கிரையாய். அடுத்த வரியிலேயே, அதே பெற்றோருக்கு, பார்த்தவரைக் கல்லாக்கும் அரக்கிகள் என்று பெயரெடுத்த கோர்கன்கள் மூவர்: ஸ்தெனோ, யூரியாலி, மெடூசா. ஆக, பெர்சியஸ் தலையை வெட்டிய மெடூசா இந்தக் கிழவிகளின் கூடப்பிறந்த தங்கை. படப்புத்தகங்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகின்றன. விட்டுவிட்டால் மொத்தக் கதையும் ஒரு குறும்புத் திருட்டாகச் சுருங்கிவிடுகிறது.

ஹெஸியட்டின் பாட்டில் ஒற்றைக் கண் கிடையாது, ஒற்றைப் பல் கிடையாது. சகோதரிகளும் இரண்டு பேர்தான். பிறக்கும்போதே நரைத்தவர்கள், ஆனால் அழகிய கன்னங்கள் உடையவர்கள். பெம்ஃப்ரெடோ நல்ல ஆடை அணிந்தவள், எனியோ குங்குமப்பூ நிற ஆடை அணிந்தவள். மெடூசாவை அவர் வர்ணிப்பதே இல்லை. வசந்தகாலப் பூக்களுக்கு நடுவே, மெல்லிய புல்வெளியில் கடல்தெய்வம் பொசைடன் அவளோடு கூடியதையும், சகோதரிகளில் அவள் ஒருத்திக்கு மட்டும் சாவு உண்டு என்பதையும் சொல்கிறார். பல்லும் பாம்புமாக ஒரு பட்டியலே கிடைப்பது பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த அப்போலோடோரஸ் பெயரிலான தொகுப்பில்: காட்டுப்பன்றிக் கோரைப்பற்கள், வெண்கலக் கைகள், தங்கச் சிறகுகள்.

அதற்காக, அரக்கத்தன்மை முழுக்கப் பிற்காலத்துச் சரக்கு என்று சொல்லிவிடவும் முடியாது. கிரேக்கத்தின் எலியூசிஸில் கிடைத்த பெரிய சுடுமண் ஜாடி ஒன்று சுமார் கி.மு. 650ஐச் சேர்ந்தது. ஒரு சிறுவனின் உடலை உள்ளே வைத்துப் புதைத்த ஜாடி அது. அதன் உடற்பகுதியில் இரண்டு கோர்கன்கள் பெர்சியஸைத் துரத்துகிறார்கள். முகங்கள் வெண்கலக் கொப்பரை மாதிரி, சுற்றிலும் பாம்புத் தலைகள். ஆனால் இடுப்புக்குக் கீழே நீண்ட பாவாடை, அதன் பிளவு வழியாகத் தெரியும் ஒரு கால், அதில் ஒரு நளினம். ஓவியன் இவர்களைப் பெண்களாகவும் பயங்கரமாகவும் ஒரே மூச்சில் வரைந்திருக்கிறான். பின்னால் தலையில்லாத மெடூசா கிடக்கிறாள். ஜாடியின் கழுத்தில் வேறு கதை: ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபெமஸின் கண்ணில் கழியைச் செருகுகிறார்கள். ஒரு குழந்தையின் கல்லறைக்கு ஏன் இப்படிக் கண்ணைச் சுற்றியே இரண்டு படங்கள் என்பது என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது.

சரி, மகளின் கேள்விக்கு வருகிறேன். இதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

அப்போலோடோரஸ் தொகுப்பின்படி கிரையாய் மூவர், டெய்னோ மூன்றாமவள். மூவருக்கும் சேர்த்து ஒரு கண், ஒரு பல். ஒருத்தி கண்ணைக் கழற்றி இன்னொருத்தி கையில் கொடுக்கும் நேரத்தில் மூவருக்குமே பார்வை இல்லை. பெர்சியஸ் கண்ணையும் பல்லையும் எடுத்துக்கொள்கிறான். ‘நிம்ஃபுகள் இருக்கும் இடத்துக்கு வழி சொல்லுங்கள், தருகிறேன்’ என்கிறான். நிம்ஃபுகள் என்றால் இயற்கைத் தேவதைகள். அவர்களிடம்தான் சிறகுச் செருப்பும், தலையை வைக்கும் பையும், போட்டவரை மறைக்கும், பாதாள தெய்வம் ஹேடீஸின் தொப்பியும் இருக்கின்றன. கிழவிகள் வழி சொல்கிறார்கள், அவனும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

இன்னொன்று கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸின் ‘ஃபோர்கிடஸ்’ நாடகத்தில் இருந்தது. நாடகம் அழிந்துவிட்டது. காட்டுப்பன்றி போல அவன் குகைக்குள் பாய்ந்தான் என்ற ஒரு வரி தப்பியிருக்கிறது. கதையை ஹைஜினஸ் பெயரிலுள்ள வானியல் நூல் சொல்கிறது. அதில் கிரையாய் கோர்கன்களின் காவலர்கள். தங்கைகள் தூங்கும்போது முறை வைத்துக் கண்விழிப்பவர்கள். பெர்சியஸ் கண்ணைப் பறித்து டிரைட்டோனிஸ் ஏரியில் வீசிவிடுகிறான். காவல் குருடாகிவிட, தூங்கிக்கொண்டிருந்த மெடூசாவின் தலையை எளிதாக வெட்டுகிறான்.

எனக்கு இரண்டாவதுதான் உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது. முதல் வடிவம் நாயகனைக் காப்பாற்றுகிறது: கேட்டான், சொன்னார்கள், கொடுத்தான், கணக்கு தீர்ந்தது. ஆனால் அந்தக் கணக்கில் தங்கையின் உயிர் எங்கே? கண் வேண்டுமென்றால் அவளைக் கொல்லப் போகிறவனுக்கு வழி திறக்க வேண்டும். அவர்கள் ரகசியத்தை விற்கவில்லை, அது அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டது. நீங்கள் கேட்ட ‘ஏன் அரக்கிகள்’ என்பதற்கும் எனக்கு இங்கேதான் விடை கிடைக்கிறது. குருட்டுக் கிழவி ஒருத்தியின் கண்ணைத் திருடி, தூங்கும் அவள் தங்கையின் கழுத்தை அறுத்தவனை வீரன் என்று பாட வேண்டுமானால், அந்தப் பெண்களை மனுஷிகளாக விட்டுவைக்க முடியாது.

இதைக் கிரேக்கர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதற்குக் கவிஞர் பிண்டார் சாட்சி. கி.மு. 490இல் டெல்ஃபியில் குழலிசைப் போட்டியில் வென்ற அக்ரகாஸ் ஊர் மிடாஸுக்காக அவர் ஒரு பாடல் எழுதினார். பெர்சியஸ் சகோதரிகளில் மூன்றில் ஒரு பங்கை முடித்தபோது, யூரியாலி வாய்விட்டு அலறினாள். அந்த ஒப்பாரியைக் கேட்ட அதீனா, அதைப் பின்பற்றிக் குழலில் ஓர் இசையை உருவாக்கி மனிதர்களுக்குக் கொடுத்தாள் என்கிறது பாடல். கொலைக்குத் துணைநின்ற அதே தெய்வம். மெடூசாவையும் அழகிய கன்னத்தாள் என்றே அதில் அழைக்கிறார் பிண்டார்.

அப்புறம், ரகசியம் அறிந்த சகோதரிகள் எல்லோரிடமும் பறித்துத்தான் வாங்கினார்கள் என்றும் இல்லை. ஹோமர் பெயரில் வழங்கும் ஹெர்மஸ் துதியின் கடைசிப் பகுதியில் மூன்று கன்னிச் சகோதரிகள் வருகிறார்கள். சிறகுள்ளவர்கள், தலையில் வெள்ளை பார்லி மாவு தூவியவர்கள், பர்னாஸஸ் மலையின் மடிப்பில் குடியிருப்பவர்கள். குறி சொல்லும் கலையை அங்கே, மாடு மேய்க்கும் சிறுவனாக இருந்தபோது, குறிசொல்லும் தெய்வமான அப்போலோ பயின்றாராம். தேன் தின்றால் மனமுவந்து உண்மை சொல்வார்கள், கிடைக்காவிட்டால் வழிதப்ப வைப்பார்கள். இவர்களை அப்போலோ தம்பி ஹெர்மஸுக்குக் கொடுக்கிறார். பெர்சியஸைக் கிரையாயிடம் கூட்டிப்போனதும் அதே ஹெர்மஸ்தான், அதீனாவோடு சேர்ந்து.

அந்தத் துதியை மகளுக்கு முழுசாகவே வாசித்துக் காட்டுங்கள். காலையில் பிறந்து, மத்தியானம் ஆமை ஓட்டில் யாழ் செய்து, சாயங்காலம் அண்ணனின் மாடுகளைத் திருடிய குழந்தையின் கதை அது. அவளுக்குப் பிடிக்கும்.

அன்புடன்.