மாமனாரின் செரட்டோனின்

கேள்வி: என் மாமனார் நல்ல மனுஷர்தான், ஆனால் முறைத் தண்ணி வந்துவிட்டால் யாரோடாவது சண்டை. போன வாரம் பக்கத்து வயல்காரர் மடையை அடைக்க அரைமணி நேரம் தாமதித்தார் என்று மண்வெட்டியை ஓங்கிவிட்டார். "அப்பாவுக்கு மூளையில் செரட்டோனின் கம்மி, அவர் மேல் தப்பில்லை, தினம் ரெண்டு வாழைப்பழம் கொடு" என்கிறார் என் கணவர். உண்மையா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: பூவனோ ரஸ்தாளியோ, தாராளமாகக் கொடுங்கள், வயிற்றுக்கு நல்லது. செரட்டோனின் என்பது மூளை நரம்புகளுக்குள் சேதி கடத்தும் ஒரு ரசாயனம். வாழைப்பழத்திலும் அது இருக்கிறது, ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது, நடுவில் ஒரு தடுப்பு உண்டு. உடம்பிலுள்ள செரட்டோனினில் 90 சதவீதமாவது குடலில்தான் கிடக்கிறது, அதுவும் மேலே போகாது. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது.

அது கிடக்கட்டும், உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. சுருக்கென்று கிளம்புகிற கோபத்துக்கு மூளைக்குள் இருக்கிற அமிக்டலா என்ற பகுதி என்றால், "இருய்யா, பொறு" என்று இழுத்துப் பிடிப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி; அந்தப் பிடிக்கு செரட்டோனின் துணை. 2008இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சிலருக்குத் தற்காலிகமாக டிரிப்டோஃபானைக் குறைத்துவிட்டு, பணத்தைப் பங்கு போடும் விளையாட்டு ஒன்றில் உட்கார வைத்தார்கள். மனநிலை என்னவோ மாறவில்லை, ஆனால் அநியாயமான பங்கு வந்தபோது, 'எனக்கும் வேண்டாம், உனக்கும் கிடைக்கக் கூடாது' என்று உதறுவது கூடிவிட்டது. நம் வாய்க்கால் கரையில் இதைப் பார்க்காதவர் யார்?

இனி அந்த 'தப்பில்லை'க்கு வருகிறேன். 1983இல் மார்க்கு லினாய்லா குழுவினர் பின்லாந்தில் கொலை, கொலை முயற்சி செய்தவர்களின் தண்டுவட நீரைச் சோதித்தார்கள். செரட்டோனின் சிதைந்து மிஞ்சும் பொருள், திட்டமிட்டுச் செய்தவர்களைவிட அந்த நொடி ஆத்திரத்தில் செய்தவர்களிடம் குறைவாக இருந்தது. அதனால் கேட்கிறேன், மாமனார் ஓங்கியது அந்த நிமிஷத்திலா, அல்லது போன முறைத் தண்ணியிலிருந்தே கருவிக்கொண்டிருந்தாரா? கருவிக்கொண்டிருந்தார் என்றால் பாவம் செரட்டோனினை விட்டுவிடுங்கள். முதல் வகைதான் என்றாலும், குறைந்தால் கோபம், கூடினால் சாந்தம் என்று கணக்குப் போட முடியாது. செரட்டோனினைச் சிதைக்கும் ஒரு நொதியே இல்லாத, அதனால் அது குறையாமல் தேங்கக்கூடிய, ஒரு டச்சுக் குடும்பத்து ஆண்களிடமும், திடீர் ஆத்திரமும் வன்முறையும் இருந்ததாக 1993இல் எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம், கம்மி என்று உங்கள் கணவர் எதில் அளந்தார்? மூளையில் எவ்வளவு என்று சொல்கிற ரத்தப் பரிசோதனையே கிடையாது! சாயங்காலம் உள்ளே போகிற குவார்ட்டர் இருந்தால் அதை அளக்கலாம், சுலபம், பிடியைத் தளர்த்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்தக் கோபம் வயதான பின் புதிதாக வந்தது என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இளமையிலிருந்தே இப்படித்தான் என்றால், அடுத்த முறைத் தண்ணிக்கு உங்கள் கணவரே மடைக்குப் போகட்டும், அப்பா வீட்டில் உட்கார்ந்து அந்த ரெண்டு பழத்தைச் சாப்பிடட்டும்.