செருகியதும் லேப்டாப் என்ன சொல்கிறது?

கேள்வி: என் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் இருக்கிறது. ஆன்லைனில் 650 ரூபாய்க்கு ஒரு வைஃபை டாங்கிள் வாங்கினேன். அட்டையில் 'லினக்ஸ் சப்போர்ட் உண்டு' என்று போட்டிருக்கிறது. செருகினால் வைஃபை வரவில்லை. சிடி போட்ட மாதிரி ஒரு ஃபோல்டர் திறக்கிறது. விற்றவரோ, "டாங்கிள் நல்லாத்தான் இருக்கு, உங்க லேப்டாப்லதான் கோளாறு" என்கிறார். திருப்பிக் கேட்கலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: கேட்கலாம். அதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி லேப்டாப்பிடமே விசாரித்துவிடுங்கள்.

டாங்கிளைக் கழற்றிவிட்டு டெர்மினலை (கட்டளை தட்டும் ஜன்னல்) திறங்கள். 'யுடெவ்ஆட்ம் மானிட்டர்' என்ற கட்டளையைக் கொடுங்கள் (முதல் சொல்லின் எழுத்துகள் யூ, டி, இ, வி, ஏ, டி, எம்). திரை சும்மா நிற்கும். இப்போது டாங்கிளைச் செருகினால் வரிகள் மளமளவென்று ஓடும். சில 'கெர்னல்' என்று தொடங்கும், சில 'யுடெவ்' என்று.

உள்ளே நடப்பது இதுதான். டாங்கிள் செருகப்பட்டதை போர்ட் உணர்ந்ததும், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதனிடம் "நீ யார்?" என்று கேட்கிறது. டாங்கிள் தன் கம்பெனி எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்கிறது. உடனே கெர்னல், நெட்லிங்க் என்ற வழியாக ஒரு தண்டோரா போடுகிறது: 'ஆட்' (வந்தது), எந்த வழியில் வந்தது, எந்த வகை, வரிசை எண் எத்தனை. கேட்கிறவர் கேட்கலாம், பதிலுக்கு அது காத்திருப்பதில்லை. காதைத் தீட்டிக்கொண்டு எப்போதும் உட்கார்ந்திருக்கும் புரோகிராம்தான் யுடெவ். அது சரியான டிரைவரை (அந்தப் பொருளை இயக்கும் மென்பொருள்) ஏற்றி, பெயர் வைத்து, "தயார்" என்று மற்ற புரோகிராம்களுக்கு மறுபடி அறிவிக்கும். இரண்டு வகை வரிகள் வருவதன் காரணம் இதுவே.

அந்த வரிசை எண்ணுக்குப் பின்னால் ஒரு பழைய தலைவலி இருக்கிறது. முன்பெல்லாம் கெர்னல் ஒவ்வொரு சேதிக்கும் 'ஹாட்பிளக்' என்ற புரோகிராமைத் தனித்தனியாக ஓடவிட்டது. ஒரே நேரத்தில் பல ஓடினால் எது முந்தும் என்று சொல்ல முடியாது. 'போய்விட்டது' என்ற சேதி, 'வந்தது' என்ற சேதியை முந்திக்கொள்ளவும் வாய்ப்பு இருந்தது. 2003-இல் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் யுடெவை வெளியிட்டார். பிறகு சேதிகள் நெட்லிங்க் வழியாக, எண் போட்டு வரத் தொடங்கின.

உங்கள் டாங்கிளுக்கு வருவோம். சிடி திறக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது ரியல்டெக் 8811சியூ வகை சிப்பாக இருக்கலாம். அந்த வகை டாங்கிள்கள் பலவும் செருகியதும் சிடி டிரைவ் வேஷம் போடும். விண்டோஸ் டிரைவர் அதற்குள் இருக்கும். 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளை கொடுத்தால் எண் 0பிடிஏ:1ஏ2பி என்று தெரியும். அந்த சிடியை ரைட் கிளிக் செய்து 'இஜெக்ட்' கொடுங்கள், அல்லது 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற சிறு புரோகிராமை நிறுவுங்கள். 'யுடெவ்ஆட்ம் மானிட்டர்' ஓடும் ஜன்னலில் முதலில் 'ரிமூவ்' (போய்விட்டது) வரிகள் வரும், அடுத்து புதிதாக 'ஆட்' வரிகள். எண் 0பிடிஏ:சி811 என மாறியிருக்கும். கடைசியில் அடைப்புக்குள் 'நெட்' என்று முடியும் வரி வந்தால் வைஃபை வந்துவிட்டது.

அந்த 'நெட்' வரி மட்டும் வரவில்லையா? கெர்னலின் வயதைப் பாருங்கள். இந்தச் சிப்புக்கான டிரைவர் 2023-இல் வந்த 6.2 கெர்னலில்தான் சேர்ந்தது. உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் விற்றவர் சொன்னதில் பாதி நியாயம். புதிய கெர்னலிலும் வரவில்லை என்றால் அட்டையில் போட்டது பொய். அந்த வரிகளைப் படம் பிடித்து பில்லோடு அனுப்புங்கள். பழுதான பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: 3.0 என்று சொல்லி விற்ற பென் டிரைவ் ஆமை வேகத்தில் காப்பி ஆகிறது. உள்ளே பிளாஸ்டிக் நீலமாகத்தான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: நீல பிளாஸ்டிக் எவர் வேண்டுமானாலும் போடலாம். லினக்ஸ் லேப்டாப்பில் செருகிவிட்டு டெர்மினலில் 'சூடோ டிமெசேஜ்' கொடுங்கள் (சூடோ: எஸ், யூ, டி, ஓ; டிமெசேஜ்: டி, எம், இ, எஸ், ஜி). கடைசி வரிகளில் 'சூப்பர்ஸ்பீடு' என்று இருந்தால் 3.0 இணைப்பு, நொடிக்கு 5 கிகாபிட் வரை. 'ஹை-ஸ்பீடு' என்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது பழைய 2.0, 480 மெகாபிட்தான். பெயர் வைத்தவர்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

ஆனால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். 3.0 போர்ட்டில்தான் செருகினீர்களா என்று பாருங்கள். மெதுவாகச் செருகினாலும் பழைய நான்கு பின்கள் முதலில் தொட்டு 2.0 ஆகவே இணைந்துவிடுவதுண்டு. கழற்றி, ஒரே தள்ளாக வேகமாகச் செருகி மறுபடி பாருங்கள். 'சூப்பர்ஸ்பீடு' வந்தும் எழுதுவது மந்தமாக இருந்தால் உள்ளே இருக்கும் மலிவு ஃபிளாஷ் (தகவலைச் சேமிக்கும் சிப்)தான் காரணம்.

கொள்ளளவு விஷயத்தில் இந்த வரிகளை நம்பவே கூடாது. பென் டிரைவ் தன்னை ஒரு டெராபைட் என்று சொன்னால் கெர்னலும் அப்படியே ஒப்பிக்கும். திறந்து அளந்து பார்ப்பதில்லை. 'எஃப்3' என்ற இலவசக் கருவி முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நேரம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கேள்வி: புது கேபிளில் மொபைல் சார்ஜ் ஏறுகிறது, லேப்டாப்பில் ஃபோட்டோ எதுவும் தெரியவில்லை. மொபைல் கெட்டுவிட்டதா? – வாசகர், கடலூர்

பதில்: முதல் பதிலில் சொன்ன 'யுடெவ்ஆட்ம் மானிட்டர்' கட்டளையை ஓடவிட்டுச் செருகுங்கள். ஒரு வரிகூட வரவில்லை என்றால் கேபிளில் டேட்டா கம்பியே இல்லை என்றுதான் முதலில் சந்தேகப்படவேண்டும். சார்ஜுக்கு மட்டும் இரண்டு கம்பி வைத்த கேபிள்கள் நிறைய விற்கின்றன. பழைய கேபிளைப் போட்டதும் வரிகள் ஓடினால் சந்தேகம் தீர்ந்தது. புது கேபிளிலேயே வரிகள் வந்து ஃபோட்டோ மட்டும் தெரியவில்லை என்றால் மொபைலில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்ந்தெடுங்கள். டிமெசேஜில் 'எரர் -71' திரும்பத் திரும்ப வந்தால் கம்பி இருக்கிறது, தொடர்புதான் சரியில்லை. டேட்டா கம்பி இல்லை, தொடர்பு சரியில்லை, இந்த இரண்டில் எதுவானாலும், பில்லைத் தேடி எடுத்துவிட்டு கடைக்குப் போங்கள். லேப்டாப்பையும் கொண்டுபோனால் கவுன்டரிலேயே காட்டிவிடலாம்.