அலாரம் பதிவில் நெடுவரிசை வருகிறது, உள்ளே ஒன்றுமில்லை: என்ன செய்வது?

பால் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "எங்களிடம் இக்னிஷன் 8.1 ஓடுகிறது. அலாரம் ஜர்னல் திரையில் நேரம், டேக்கின் நீளமான பாதை, நிலை, இவ்வளவுதான் தெரிகிறது. கருவியின் பெயரும் அது எங்கே இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு அலாரத்திலும் அசோசியேட்டட் டேட்டாவாக டைப் செய்து வைத்தேன். திரையில் அதற்கு நெடுவரிசையும் சேர்த்தேன். ஆனால் காலியாகவே இருக்கிறது. எங்கே தவறு? இது போக வேறு எந்தெந்தப் புலங்களைக் காட்டுவது நல்லது?"

மற்ற வாசகர்களுக்கு: இக்னிஷன் என்பது ஆலையைத் திரையில் கண்காணித்து இயக்கும் ஸ்காடா வகை மென்பொருள். டேக் என்பது அதில் ஒரு கருவியின் அளவையோ நிலையையோ தாங்கும் பெயர். அலாரம் ஜர்னல் என்பது எழுந்த அலாரங்களின் பதிவேடு. அசோசியேட்டட் டேட்டா என்பது அலாரத்தோடு நாமே கூடுதலாக இணைக்கும் தகவல்.

திரையில் நீங்கள் செய்தது சரிதான். கோளாறு சேமிக்கும் இடத்தில் இருக்கிறது.

கேட்வேயில் (இக்னிஷனின் சர்வர் பகுதி) அலாரம் ஜர்னல் ப்ரொஃபைலைத் திறந்து பாருங்கள். நிகழ்வோடு எதையெல்லாம் சேமிக்க வேண்டும் என்று கேட்கும் நான்கு தேர்வுப் பெட்டிகள் இருக்கும்: ஸ்டாட்டிக் கான்ஃபிக், டைனமிக் கான்ஃபிக், ஸ்டாட்டிக் அசோசியேட்டட் டேட்டா, டைனமிக் அசோசியேட்டட் டேட்டா. கான்ஃபிக் என்பது வரம்பு போன்ற அலாரத்தின் சொந்த அமைப்புகள். கையால் டைப் செய்து வைத்த எதுவும் ஸ்டாட்டிக். வேறொரு டேக்கோடோ எக்ஸ்பிரஷனோடோ இணைத்து, ஓடும்போது மாறிக்கொண்டிருப்பது டைனமிக். டைனமிக் இரண்டும் இயல்பாகவே சேமிக்கப்படும். ஸ்டாட்டிக் இரண்டும் சேமிக்கப்படாது. என்றைக்கும் மாறாத ஒன்றை ஒவ்வொரு நிகழ்வோடும் திரும்பத் திரும்ப எழுதுவானேன் என்பதுதான் அதற்குக் காரணம். நீங்கள் கருவியின் பெயரைக் கையால் எழுதியதால் அது ஸ்டாட்டிக் ஆகிவிட்டது. டேட்டாபேஸுக்குப் போய்ச் சேரவே இல்லை. மூன்றாவது பெட்டியைத் தேர்வு செய்து சேமியுங்கள். அடுத்து எழும் அலாரத்திலிருந்து பெயர் வரும்.

ஏற்கெனவே பதிவான வரிகள் மட்டும் காலியாகவே இருக்கும். பெட்டியையோ திரையையோ மாற்றி அவற்றை நிரப்ப முடியாது. பெரும்பாலான ஸ்காடாக்களில் இதுதான் நிலைமை: அலாரம் எழுந்த அந்த நொடியில் எது எழுதப்பட்டதோ அதுதான் இருக்கும். நெடுவரிசையை இன்றைக்குச் சேர்க்கலாம், நாளைக்கு நீக்கலாம், அதில் அவசரமில்லை. எதைச் சேமிப்பது என்ற முடிவை மட்டும் முதலிலேயே எடுத்துவிட வேண்டும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் ஆலையில் நள்ளிரவில் லைன் நின்றுவிட்டது. காலையில் போய் லாகைத் திறந்தால் டேக் எண்ணும் 'அலாரம்' என்ற சொல்லும்தான் வரிசையாக நின்றன. எந்த எண் எந்தக் கருவி என்று தெரிந்துகொள்ள வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். என்ன அளவில் எழுந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து எந்தப் புதிய திட்டத்திலும் திரை வரைவதற்கு முன்பே இந்தப் பெட்டிகளைத்தான் பார்க்கிறேன்.

சரி, எந்தெந்தப் புலங்கள்? உங்கள் பாஸ்டுரைசரையே எடுத்துக்கொள்வோம். பால் 72 டிகிரி செல்சியஸில் 15 நொடி இருக்க வேண்டும். அந்த 15 நொடி பால் ஓடும் குழாயான ஹோல்டிங் டியூபின் முடிவில் வெப்பநிலை குறைந்தால் ஃப்ளோ டைவர்ஷன் வால்வு பாலைத் திருப்பி அனுப்பிவிடும், அலாரமும் எழும். மறுநாள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து வருபவர் கேட்கப்போவது: எப்போது, எந்த லைனில், எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம், எந்த பேட்ச், யார் பார்த்தது. உங்கள் நெடுவரிசைகள் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும்.

அளவில் ஒரு சிக்கல் உண்டு. அலாரத்தின் வரம்பு 72. எழுந்தபோது இருந்த அளவு 71.94. நெடுவரிசையை முழு எண்ணாகக் காட்டும்படி வைத்திருந்தால் திரையில் 72 என்று வரும். ஒரே ஒரு தசம இடம் வைத்தாலும் 71.9 என்று சரியாக வரும். முழு எண்ணாக இருந்தால், '72-க்குக் கீழே போனதால் அலாரம்' என்று எழுதியிருக்கும் வரியிலேயே 72 என்று நிற்கும். தணிக்கைக்கு வருபவர் அதைச் சுட்டிக்காட்டினால் என்ன பதில் சொல்வது? ஆகவே வரம்பை விட ஒரு தசம இடமாவது கூடுதலாகக் காட்டுங்கள்.

அளவுக்கு அடுத்த நெடுவரிசையில் அப்போதைய வரம்பையும் காட்டுங்கள். இன்றைக்கு 72 என்று வைத்ததை அடுத்த மாதம் ஒருவர் 72.5 ஆக்கலாம். அப்போது பழைய வரிகளை எந்த வரம்போடு ஒப்பிடுவது? வரம்பை டேக் எடிட்டரில் கையால் எழுதியிருந்தால் அதுவும் ஸ்டாட்டிக்தான், இயல்பாகச் சேமிக்கப்படாது. ஸ்டாட்டிக் கான்ஃபிக் பெட்டியைத் தேர்வு செய்தால் சேமிக்கப்படும். ஆனால் அலாரத்தின் மற்ற அமைப்புகளும் சேர்ந்து வந்து டேட்டாபேஸ் வேகமாகப் பெருகும். நான் வரம்பை ஒரு டேக்கில் வைத்து அலாரத்தை அதோடு இணைத்துவிடுவேன். அப்போது அது டைனமிக் ஆகிவிடும். பேட்ச் எண்ணையும் இதே மாதிரி டேக்கோடு இணைத்து அசோசியேட்டட் டேட்டாவாக வையுங்கள். ஷிப்ட்டைச் சேமிக்க வேண்டாம். நேரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்குச் சேமித்து வைத்த புலம் எதுவும் கிடையாது. அலாரம் எழுந்தது ஒரு வரி, தணிந்தது ஒரு வரி, அக்னாலெட்ஜ் செய்தது (ஆபரேட்டர் பார்த்துவிட்டதாகக் குறித்தது) ஒரு வரி என்று ஜர்னலில் தனித்தனியாக விழும். மூன்றுக்கும் நிகழ்வு அடையாள எண் ஒன்றேதான். அந்த எண்ணை வைத்து முதல் வரியையும் தணிந்த வரியையும் ஜோடி சேர்த்துக் கழித்தால் நேரம் கிடைக்கும். இதை நேரடித் திரையில் செய்ய முயலாதீர்கள், காலை அறிக்கையில் செய்யுங்கள். எண் நீளமாக, கண்ணை உறுத்தும்படி இருக்கும் என்பதால் அந்த நெடுவரிசையைத் திரையில் மறைத்துவிடலாம்.

டேக்கின் நீளமான பாதை தெரிகிறது என்றீர்கள். டிஸ்ப்ளே பாத் என்ற புலத்தை நிரப்பாவிட்டால் டேக்கின் பாதைதான் வரும். அதில் 'பாஸ்டுரைசர் 1 / ஹோல்டிங் டியூப் வெளியேறும் வெப்பநிலை / குறைவு' என்று பேச்சு வழக்கில் இருக்கும் சொற்களையே போடுங்கள். இரவு ஷிப்ட்டில் இருப்பவர் தொலைபேசியில் உங்களிடம் எப்படிச் சொல்வாரோ அப்படி இருக்கட்டும். டேக் எண்ணையும் கடைசியில் சேர்த்துவிட்டால் எலக்ட்ரீஷியன் வயரைத் தேடிப் போக வசதியாக இருக்கும்.

தமிழில் வைக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாக வைக்கலாம். டேட்டாபேஸை மட்டும் முதலில் சோதித்துவிடுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் புலம் வார்சார் வகையாக இருந்தால் பெரும்பாலும் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக விழும். எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் என்வார்சார் வகையாக மாற்ற வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் எழுத்துத் தொகுப்பு யூடிஎஃப்-8 வகையாக இருக்க வேண்டும். கேள்விக்குறியாகப் பதிவானதைத் திரும்பத் தமிழாக்க வழியே இல்லை. சிஎஸ்வியாக எடுத்து எக்ஸெலில் திறந்தபோது மட்டும் எழுத்து உடைந்தால் பயப்பட வேண்டாம், பதிவு நன்றாகத்தான் இருக்கிறது. இரட்டைக் கிளிக் செய்யாமல், இம்போர்ட் வழியாகப் போய் யூடிஎஃப்-8 என்று தேர்வு செய்யுங்கள்.

நேரத்தைப் பற்றி. மில்லி நொடி வரை காட்டும் வசதி இருக்கிறது என்று எல்லோரும் அதைப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் டேக்குகள் நொடிக்கு ஒரு முறைதான் பிஎல்சியிலிருந்து (கருவிகளை நேரடியாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) படிக்கப்படுகின்றன என்றால், அந்த ஒரு நொடிக்குள் நடந்த இரண்டு விஷயங்களில் எது முதலில் என்பதை மில்லி நொடி இலக்கங்கள் சொல்லாது. ஸ்காடா எப்போது பார்த்தது என்பதைத்தான் அவை சொல்கின்றன. பம்ப் நின்றதால் வெப்பநிலை மாறியதா, வெப்பநிலையால் பம்ப் நின்றதா என்ற சண்டையை அந்த இலக்கங்களை வைத்துத் தீர்க்கப் போனால் தவறான ஆள் மாட்டிக்கொள்வார். வரிசை உண்மையிலேயே முக்கியம் என்றால் பிஎல்சிக்குள்ளேயே 'முதலில் எழுந்தது எது' என்று பிடித்து வைக்கும் லாஜிக் எழுதி, அதன் எண்ணை அசோசியேட்டட் டேட்டாவாக எடுத்து வாருங்கள். சர்வரும் பிஎல்சியும் ஒரே கடிகாரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி வந்தால் எங்கோ ஓரிடத்தில் நேர மண்டலம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) நிற்கிறது என்று அர்த்தம்.

அக்னாலெட்ஜ் செய்தவர் பெயர் நெடுவரிசை கட்டாயம் வேண்டும். ஆனால் எல்லா ஷிப்ட்டும் 'ஆபரேட்டர்' என்ற ஒரே லாகினில் இருந்தால் அந்த நெடுவரிசையால் பயனில்லை. முதலில் ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். அலாரத்தின் அக்னாலெட்ஜ் முறை ஆட்டோ என்று இருந்தால், தணிந்ததும் அது தானாகவே அக்னாலெட்ஜ் ஆகிவிடும். அங்கே ஆள் பெயரை எதிர்பார்க்காதீர்கள். டைவர்ஷன் மாதிரி முக்கியமான அலாரங்களை மேனுவலில் வையுங்கள்.

முன்னுரிமையை நிறத்தால் காட்டினால் போதும். வேறு நிறுவனத்தின் ஸ்காடாவிலிருந்தும் அலாரங்களை ஒரே அறிக்கைக்குள் கொண்டுவருகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: இன்டச் என்ற ஸ்காடாவில் 1 முதல் 999 வரையில் 1-தான் மிகக் கடுமையானது, ஃபேக்டரிடாக் அலாரம்ஸ் அண்ட் ஈவென்ட்ஸில் 1 முதல் 1000 வரையில் 1000-தான் மிகக் கடுமையானது. எண்ணை அப்படியே வரிசைப்படுத்தினால் தலைகீழாகிவிடும்.

இத்தனையையும் ஆபரேட்டரின் நேரடி அலாரம் திரையில் கொட்டிவிடாதீர்கள். 1994 ஜூலை 24 அன்று பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. அதற்கு முந்தைய சுமார் 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் 275 அலாரங்கள் வந்து விழுந்தன என்று அரசின் விசாரணை அறிக்கை சொல்கிறது. அந்த நிலையில் இருப்பவருக்கு ஒன்பது நெடுவரிசையைப் படிக்க நேரமிருக்காது. நேரடித் திரையில் நேரம், பெயர், அளவு, நிலை என்ற நான்கு மட்டும் இருக்கட்டும். வரம்பு, பேட்ச், ஆள் பெயர் எல்லாம் ஜர்னல் திரைக்கு.

மாற்றங்களைச் செய்து முடித்ததும் உண்மையான கருவியைத் தொட வேண்டாம். ஒரு மெமரி டேக் (கருவியோடு இணையாமல், நாமே மதிப்பு கொடுக்கும் டேக்) உருவாக்கி, முதலில் மதிப்பை 73 ஆக வைத்து, பாஸ்டுரைசர் அலாரத்தின் அதே அமைப்பை அதில் வைத்து, மதிப்பை 71.94 ஆக்குங்கள். அலாரம் எழும். அக்னாலெட்ஜ் செய்யுங்கள். அப்புறம் திரும்ப 73 ஆக்குங்கள். ஜர்னலில் மூன்று வரிகள் விழுந்திருக்க வேண்டும். அலாரம் எழுந்த வரியில் கருவியின் பெயர், 71.9, 72, பேட்ச் எண் நான்கும் தெரிய வேண்டும். ஏதாவது ஒன்று காலியாக இருந்தால் திரும்ப அந்த நான்கு பெட்டிகளுக்கே போங்கள்.